சப்பரல் புதர்க்காட்டில் தனியாக ஒன்பது நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்குக் கலிபோர்னியாவில் மெக்சிகோ எல்லையை ஒட்டி காம்போ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கனடா எல்லை வரை சுமார் 4,265 கிலோமீட்டர் போகிறது பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நடைபாதை. சுருக்கமாக பிசிடி என்பார்கள். அதன் முதல் 176 கிலோமீட்டரை, காம்போவிலிருந்து வார்னர் ஸ்பிரிங்ஸ் வரை, ஓர் ஏப்ரல் மாதத்தில் முதுகுப்பையுடன் தனியாக நடந்தேன். ஊர் திரும்பியதிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சாண்டியாகோ, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் பலர் இந்தப் பாதையைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

சப்பரல் என்றால் எப்படிப்பட்ட காடு? நம்மூர் முள்காடு மாதிரியா?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கிட்டே போனால் வேறு. நம் முள்காட்டில் கருவேலமும் சூரையும் சட்டையைப் பிடித்து இழுக்கும். சப்பரலில் முள் குறைவு, விறைப்பான கிளைகள் அதிகம். ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, மலைச்சரிவு முழுக்கப் போர்வை போல மூடியிருக்கும் புதர்கள். குட்டை ஓக் செடிக்கு ஸ்பானிய மொழியில் சப்பாரோ என்று பெயர், அதிலிருந்து வந்ததுதான் சப்பரல். இங்கே மழை குளிர்காலத்தில் மட்டும். மே முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய ஒன்றுமே பெய்யாது. அதைத் தாங்குவதற்காகச் செடிகளுக்குச் சின்ன, தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலைகள். கோடையிலும் உதிர்வதில்லை.

மூன்று செடிகளைத் தெரிந்துகொண்டால் காட்டில் பாதி தெரிந்த மாதிரி. முதலாவது சமீஸ். ஊசி போன்ற குட்டி இலைகள் கொத்துக் கொத்தாக இருக்கும், எண்ணெய்ச் சத்து மிகுந்தது. இரண்டாவது மன்சனீட்டா. சின்ன ஆப்பிள் என்று பொருள், காயைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அதன் பட்டை கொய்யா மரத்துப் பட்டை மாதிரி வழவழவென்று சுருள் சுருளாக உரியும், ஆனால் நிறம் கருஞ்சிவப்பு. நடு மத்தியான வெயிலிலும் அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருந்தது. மூன்றாவது சியனோத்தஸ். வசந்தத்தில் நீலமாகவும் வெள்ளையாகவும் பூக்கும். அந்தப் பூவைக் கையில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கசக்கினால் பூந்திக்கொட்டை போல நுரைக்கிறது. மூன்றாம் நாள் அழுக்குக் கையை அதில்தான் கழுவினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காட்டில் பாதையை விட்டு விலகிக் குறுக்கே போக முடியாது. வரைபடத்தில் ஐந்நூறு மீட்டர்தான் என்று நினைத்துப் புதருக்குள் இறங்கினால், ஒரு மணி நேரம் கழித்தும் உள்ளேயே நிற்பீர்கள். வழி தவறினால் வந்த வழியே திரும்புங்கள்.

பாதை எப்படி இருக்கும்? ஒன்பது நாள் தேவையா?

நன்றாக நடப்பவர்கள் ஐந்தாறு நாளில் முடித்துவிடுகிறார்கள். முதல் முறை தனியாகப் போகிறவருக்கு ஒன்பது நாள் தாராளம், அந்தத் தாராளம் தேவை.

காம்போ சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 24 கிலோமீட்டரில் ஹவுசர் பள்ளத்தாக்கு. அதில் இறங்கி, மறுபக்கம் செங்குத்தாக ஏறினால் 32வது கிலோமீட்டரில் மொரேனா ஏரி. 42இல் போல்டர் ஓக்ஸ் முகாம். பிறகு கிச்சன் கிரீக் ஓடையை ஒட்டி மேலே மேலே ஏறி, 68 கிலோமீட்டர் வாக்கில் மவுண்ட் லகுனா. இது ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், ஜெஃப்ரி பைன் மரங்கள் நிற்கும் குளிர்ந்த இடம். அந்த மரத்துப் பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள், வெனிலா மணக்கும்.

லகுனாவுக்கு அப்புறம் மலைவிளிம்பிலேயே நடை. இடப்பக்கம் காடு. வலப்பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே ஆன்ஸா-பொரேகோ பாலைவனம், மஞ்சளும் சாம்பலுமாக. குறிஞ்சி நிலத்தில் நின்று பாலையைக் குனிந்து பார்க்கிற மாதிரி. இந்த ஒரு நாளுக்காகவே மறுபடியும் போவேன். பிறகு பாதை இறங்கி, 124வது கிலோமீட்டரில் சிசர்ஸ் கிராசிங் என்ற சாலைச் சந்திப்பைத் தொடுகிறது. அங்கிருந்து சான் ஃபெலிப்பே குன்றுகள். இது கள்ளியும் கற்றாழையும் நிற்கும் பாலைச் சரிவு, நிழலே இல்லை. கடைசியில் ஓக் மரங்களும் புல்வெளியுமாக வார்னர் ஸ்பிரிங்ஸ்.

எப்போது போகலாம்?

மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை. மார்ச்சில் லகுனாவில் பனி விழலாம். மே நடுவுக்கு மேல் ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றும். கோடையில் போகவே கூடாது, பகல் வெப்பம் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இலையுதிர்காலத்தில் வெயில் இறங்கிவிடும் என்று சிலர் அக்டோபரில் கிளம்புகிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். ஐந்தாறு மாதம் மழையில்லாமல் காடு காய்ந்து கிடக்கும் நேரம் அது. சாண்டா ஆனா என்ற வறண்ட காற்று பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதும் அப்போதுதான்.

ஏப்ரலிலும் ஒரே நாளில் இரண்டு பருவம் பார்க்கலாம். ஹவுசர் ஏற்றத்தில் முழுக்கைச் சட்டை தெப்பமாக நனைந்தது. மூன்று நாள் கழித்து லகுனாவில் விடியற்காலையில் தண்ணீர் பாட்டிலின் வாயில் பனிக்கட்டி கட்டியிருந்தது.

தண்ணீருக்கு என்ன செய்வது?

எல்லோரும் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும். இந்த ஊரில் இன்று இத்தனை கிலோமீட்டர் என்று திட்டம் போட்டு நடக்க முடியாது. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அதை வைத்துத்தான் ஒவ்வொரு நாளும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அமையும். நான் வரைபடத்தில் முதலில் தண்ணீர் இடங்களைக் குறித்தேன், அப்புறம்தான் தூங்கும் இடங்களை.

ஏப்ரலுக்கு என் கணக்கு இது. காம்போவில் 6 லிட்டர் எடுத்துக்கொண்டேன். ஹவுசர் ஓடை பெரும்பாலும் வறண்டே கிடக்கும், அதனால் மொரேனா ஏரி முகாமின் குழாய்தான் அடுத்து உறுதியானது. மொரேனாவிலிருந்து லகுனா வரை ஓடைகள் ஓடுகிற காலத்தில் 3 லிட்டர் போதும். லகுனாவில் கடை இருக்கிறது, குழாய் இருக்கிறது. அதற்கப்புறம் பயனியர் மெயில், சன்ரைஸ் சாலை ஓரம், ராட்ரிகஸ் என்ற மண்சாலை அருகே என்று சில தொட்டிகள். இவை சில வாரம் நிறைந்திருக்கும், சில வாரம் காலியாக இருக்கும். சிசர்ஸ் கிராசிங்கிலிருந்து பேரல் ஸ்பிரிங் ஊற்று வரை 38 கிலோமீட்டரில் இயற்கையான தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. நடுவில் ஓரிடத்தில் தன்னார்வலர்கள் பாட்டில்களில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரியான புண்ணியம் அது. ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். காலியாக இருந்தாலும் போய்ச் சேர்கிற அளவுக்குக் கையில் வைத்திருங்கள். நான் 7 லிட்டர் சுமந்தேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ, முதுகு நன்றாகவே உணரும்.

நடப்பவர்கள் சேர்ந்து புதுப்பிக்கும் பிசிடி தண்ணீர் அறிக்கை இணையத்தில் இருக்கிறது. ஃபார்அவுட் செயலியிலும் ஒவ்வொரு ஊற்றுக்கும் கீழே நேற்று வந்தவர் என்ன பார்த்தார் என்று இருக்கும். கிளம்பும் முன் இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர், தொட்டித் தண்ணீர் எல்லாவற்றையும் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். உறைபனி இரவுகளில் வடிகட்டியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் உறைந்து வெடித்தால் வெளியே தெரியாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஹவுசர் பள்ளத்தாக்கில் இரண்டாம் நாள் அதிகாலை, இருட்டில் பையைத் தூக்கியபோது அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. தலைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பையின் மூடி மரையில் கோணலாக ஏறியிருக்கிறது. இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. கீழே மணலில் ஒரு சாண் அகலத்துக்குக் கருப்பாக ஈரம், அதைச் சுற்றி எறும்புகள். மீதி இருந்தது ஒன்றேகால் லிட்டர். எதிரே ஏழரை கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி ஏற்றம். சமைக்கவில்லை, காபி போடவில்லை. வெயில் ஏறும் முன் மேலே போய்விட வேண்டும் என்று உடனே கிளம்பினேன். எட்டரை மணிக்கு மொரேனா குழாயடியில் நின்றபோது பாட்டிலில் இரண்டு மடக்கு இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஈரத்தைக் கவனித்திருந்தால் நிலைமை வேறு. அன்றிலிருந்து பெரிய பை ஒன்றுக்குப் பதில் ஒரு லிட்டர் பாட்டில்களாக வைத்துக்கொள்கிறேன். ஒன்று போனால் ஒன்றுதான் போகும்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய், வெறும் தண்ணீராக உள்ளே போனால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புக்கடலை, ஊறுகாய், ஓஆர்எஸ் பொட்டலம் ஏதாவது கூடவே வையுங்கள்.

அனுமதி, ஆவணங்கள்?

800 கிலோமீட்டருக்கு மேல் நடப்பவர்களுக்குத்தான் பிசிடியின் நெடுந்தூர அனுமதிச் சீட்டு. இந்த 176 கிலோமீட்டருக்கு அது தேவையில்லை. மொரேனா, போல்டர் ஓக்ஸ் போன்ற முகாம்களில் தங்கக் கட்டணம் உண்டு. எரிவாயு அடுப்பு பற்றவைக்கப் போகிறீர்கள் என்றால் கலிபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இலவசம்தான், இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கிடைத்துவிடும்.

அடுத்தது நம்மவர்களுக்கு முக்கியம். இது எல்லைப் பகுதி. எல்லைக் காவல் வண்டிகளைத் தினமும் பார்ப்பீர்கள், திரும்பி வரும் நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடியும் இருக்கும். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள் தங்கள் குடிவரவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட், விசா, ஐ-94 தாள், கிரீன் கார்டு, எது உங்களுக்குப் பொருந்துமோ அதை ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். என்னை ஒருமுறை நிறுத்தினார்கள். மரியாதையாகக் கேட்டார்கள், காட்டினேன், தண்ணீர் போதுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ராத்திரி கேம்ப்ஃபயர் போடலாமா?

வேண்டாம். பாதையோரத்தில் விறகுத் தீ மூட்டத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் போடாதீர்கள்.

2003 அக்டோபர் 25 அன்று, இந்தப் பாதைக்கு மேற்கே கிளீவ்லேண்ட் தேசியக் காட்டில் வேட்டைக்கு வந்த ஒருவர் வழி தவறினார். யாராவது பார்க்கட்டும் என்று ஒரு சின்னத் தீ மூட்டினார். சாண்டா ஆனா காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. சீடர் தீ என்று அதற்குப் பெயர். 2,70,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின, 15 பேர் இறந்தார்கள். பாதையிலிருந்து மேற்கே பார்த்தால் குயமாக்கா மலைகள் தெரியும். அங்கே பைன் காடாக இருந்த சரிவுகள் பலவற்றில் இன்று சியனோத்தஸ் புதர் மண்டிக் கிடக்கிறது. தனியாகப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சரிவை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த வேட்டைக்காரரும் தனியாக, தொலைந்து, பயந்து போனவர்தான்.

தொலைந்தால் விசில் ஊதுங்கள், கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுங்கள், செயற்கைக்கோள் கருவியில் எஸ்ஓஎஸ் பொத்தானை அழுத்துங்கள். தீ மட்டும் மூட்டாதீர்கள். கழிப்பறைத் தாளை எரிப்பது, சிகரெட், காய்ந்த புல்மேல் வைத்த அடுப்பு, எதுவும் இங்கே சின்ன விஷயமில்லை. ஆல்கஹால் ஊற்றி எரிக்கும் அடுப்பைக் கொண்டுவராதீர்கள். கவிழ்ந்தால் எரியும் திரவம் ஓடும். பலத்த காற்றும் வறட்சியும் சேர்ந்து ரெட் ஃபிளாக் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நடக்கும்போது புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடக் கூடாது. தீ சரிவில் ஏறும்போதுதான் வேகமெடுக்கும். சாலை, வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம், இவற்றை நோக்கி நகருங்கள்.

சப்பரல் எரிவதற்காகவே இருக்கிற காடு என்கிறார்களே?

பாதி உண்மை. சமீஸ் எரிந்து கரியானாலும் மண்ணுக்குள் இருக்கும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சியனோத்தஸ் விதைக்கு முளைக்கவே சூடு வேண்டும். ஆனால் ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் நடுவில் முப்பது வருடத்துக்கு மேலாவது இடைவெளி கிடைத்தால்தான் இதெல்லாம் நடக்கும். நாற்று காய்த்து, விதை மண்ணில் சேரும் முன் மறுபடி எரிந்தால் புதர் போய்விடும், அன்னியப் புல் வந்து உட்காரும். புல் இன்னும் சுலபமாக எரியும். இன்று இங்கே பற்றும் தீயில் மிகப் பெரும்பாலானவை மனிதர்களால் வருபவை. எரியட்டும், அது இயற்கை என்று சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போனீர்கள்?

அவல்! இந்தக் கேள்விக்கு நான் மகிழ்ச்சியோடு பதில் சொல்வேன். இங்கே நெடுநடைக்காரர்கள் பலர் அடுப்பே இல்லாமல், ஒரு டப்பாவில் உணவைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். நம் வீட்டில் கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்வது அதைத்தானே. கெட்டி அவல், பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவல் உலர்ந்தது, ஏலம். கால் மணி நேரத்தில் காலைச் சாப்பாடு ரெடி. மாலைக்கு அதே அவலில் புளிக்காய்ச்சல் பொடி, வறுத்த வேர்க்கடலை. லகுனா தாண்டியதும் அடுப்பைத் தொடவே இல்லை, அடுத்த தடவை வீட்டிலேயே விட்டுவிடுவேன். தீ பயம் இல்லை, சமைக்கத் தண்ணீர் கொதித்து ஆவியாவதும் இல்லை.

நடுவில் எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சை. சத்துமாவு கொஞ்சம். முதல் நாளுக்கு மட்டும் வீட்டுப் புளியோதரை. ஐந்தாம் நாளுக்கு மேல் வருவதை லகுனா அஞ்சலகத்துக்கு முன்கூட்டியே பெட்டியில் அனுப்பி வைத்தேன். அஞ்சலகம் திறந்திருக்கும் நேரம் குறைவு, பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பு? மலைச்சிங்கம்?

கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. நம்மூர் விரியனின் உறவு, குழிவிரியன் வகை. ஒன்பது நாளில் நான்கு பார்த்தேன். நான்கும் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பாதையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவை. மூன்று வாலை ஆட்டி ஒலி எழுப்பின. ஒன்று எழுப்பவே இல்லை, பாதையின் குறுக்கே குச்சி போலக் கிடந்தது. அதனால் காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். தன் நீளத்தில் பாதித் தூரம் பாய்ந்து கொத்தும் என்பார்கள், நீங்கள் அதைவிட நிறைய விட்டு நில்லுங்கள். பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அசையாமல் உட்கார்ந்து எஸ்ஓஎஸ் அழுத்துங்கள். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான். அதன் செலவு இந்த நாட்டில் மிக அதிகம், காப்பீடு இல்லாமல் போகாதீர்கள்.

மலைச்சிங்கம் என்பது பூமா, அதைப் பார்ப்பதே அபூர்வம். பார்த்தால் ஓடாமல், கைகளை உயர்த்திப் பெரிதாகத் தெரியும்படி நின்று சத்தம் போட வேண்டும். உண்ணி தினமும் பார்க்க வேண்டிய விஷயம். மாலையில் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள்.

பாய்சன் ஓக் என்கிறார்களே, அது என்ன?

ஓடை ஓரங்களில் வளரும் செடி. மூன்று மூன்று இலையாக, வசந்தத்தில் பளபளவென்று சிவப்பும் பச்சையுமாக இருக்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளமும் தாங்க முடியாத அரிப்பும் வரும். நம்மவர்களுக்குச் சுலபமாகச் சொன்னால், இது சேங்கொட்டைக்கும் மாமரத்துக்கும் முந்திரிக்கும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகிறவர் என்றால் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். பட்டது தெரிந்தால் உடனே குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கைத்தடியிலும் பையின் வாரிலும் அந்த எண்ணெய் நாள்கணக்கில் ஒட்டியிருக்கும், அதையும் துடையுங்கள்.

தனியாகப் போகப் பயமில்லையா? பெண்கள் போகலாமா?

முதல் இரவு பயமாகத்தான் இருந்தது. காற்றில் சமீஸ் உரசுவது யாரோ நடந்து வருகிற மாதிரியே கேட்டது. மூன்றாம் இரவு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

ஏப்ரலில் இந்தப் பாதையில் முழுத் தனிமை கிடையாது. கனடா வரை போகிறவர்கள் கிளம்பும் காலம் அது, தினமும் பத்துப் பதினைந்து பேரையாவது பார்ப்பீர்கள். அவர்களில் தனியாக வந்த பெண்கள் நிறைய. ஒருவரோடு அரை நாள் பேசிக்கொண்டே நடந்தேன். அவர் சொன்ன இரண்டு பழக்கங்கள் யாருக்கும் பொருந்தும். சாலைக்குப் பக்கத்தில் கூடாரம் போடுவதில்லை. இன்றிரவு எங்கே தங்குவீர்கள் என்று யாராவது கேட்டால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று மட்டும் சொல்வது.

கிளம்பும் முன் செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்த நாள் எங்கே தங்குகிறேன், பையின் நிறம், கூடாரத்தின் நிறம், எந்த மணி வரை செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். இங்கே தேடி மீட்கும் பொறுப்பு சாண்டியாகோ மாவட்ட ஷெரிஃப் துறையுடையது. பள்ளத்தாக்குகளில் கைப்பேசி எடுக்காது, அதனால் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியை நான் வாடகைக்கு எடுத்தேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அம்மாவுக்கு ஒரே வரி: "சாப்பிட்டாச்சு, படுக்கப் போறேன்." அந்த ஒரு வரி வரும் வரை அம்மா சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் மணியைத் தவற விடாதீர்கள்.

பை எவ்வளவு கனம்?

தண்ணீரும் உணவும் இல்லாமல் 7 கிலோ. முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, வெள்ளி பூசிய குடை ஒன்று. குடையைப் பார்த்துச் சிரித்தவர்கள் சான் ஃபெலிப்பேயில் அதை எங்கே வாங்கினேன் என்று கேட்டார்கள். காலணி ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், வெயிலில் பாதம் வீங்கும்.

காலைக்கடன்?

தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, மூடிவிட வேண்டும். தாள் பயன்படுத்தினால் பையில் போட்டு வெளியே கொண்டுவர வேண்டும். வறண்ட மண்ணில் அது மக்காது. நம் வழக்கப்படி தண்ணீர் என்றால் தனியாக ஒரு சின்னப் பாட்டில், மூடியில் ஓட்டை போட்டது, போதும். தண்ணீர்க் கணக்கில் அதற்கும் கால் லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது யாருடைய நிலம்?

இதை யாரும் அதிகம் கேட்பதில்லை, ஆனாலும் சேர்த்திருக்கிறேன். தெற்குப் பகுதி குமியாய் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருப்பவர்கள், இன்றும் காம்போ பக்கம் அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் வாழ்கிறார்கள். லகுனாவுக்கு அருகே ஓக் மரத்தடியில் ஒரு தட்டைப் பாறையில் வரிசையாகக் குழிகள் பார்த்தேன். பார்த்தவுடன் உரல் என்று தெரிந்தது. உள்பக்கம் கையால் தடவினால் பாட்டி வீட்டு ஆட்டுக்கல் மாதிரி வழவழப்பு. பெண்கள் உட்கார்ந்து ஓக் கொட்டையை இடித்து, தண்ணீரில் கசப்பை வடித்து, கூழ் காய்ச்சியிருக்கிறார்கள். அத்தனை தேய்மானத்துக்கு எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு அங்கேயே என் அவலை ஊறவைத்தேன்.

வார்னர் ஸ்பிரிங்ஸில் இருக்கும் வெந்நீர் ஊற்று குப்பா என்ற கிராமம். குப்பேனியோ மக்களின் ஊர். நில வழக்கில் 1901இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 1903 மே மாதம் அவர்களை வண்டிகளில் ஏற்றி பாலா என்ற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பாதை முடியும் இடத்தில் இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள்.

பாதியில் முடியாமல் போனால்?

வெளியேற நல்ல இடங்கள் இருக்கின்றன. மொரேனா, போல்டர் ஓக்ஸ், லகுனா, சிசர்ஸ் கிராசிங். நான்கிலும் சாலை வருகிறது. சிசர்ஸ் கிராசிங்கிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் ஜூலியன் என்ற மலையூர், ஆப்பிள் பைக்குப் பேர்போனது. அங்கே ஒருநாள் இளைப்பாறிவிட்டுத் தொடர்பவர்கள் அதிகம். கால் கொப்புளம், காய்ச்சல், தண்ணீர் அறிக்கை சரியில்லை, எதற்காக இருந்தாலும் திரும்பி வருவதில் வெட்கமில்லை. பாதை அங்கேயேதான் இருக்கும்.

எப்படிப் போய், எப்படித் திரும்புவது?

போவது சுலபம். சாண்டியாகோவிலிருந்து டிராலி என்ற நகர ரயிலில் எல் கஹோன், அங்கிருந்து 894 எண் பேருந்து காம்போ வரை. வார நாட்களில் மட்டும், அதுவும் சில நடைதான், நேரத்தை முன்னதாகவே பாருங்கள்.

திரும்புவதற்கு யாரையாவது முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். என்னை அழைத்துப்போக ஒரு நண்பரும் அவர் மகளும் வந்தார்கள். வார்னருக்கு 5 கிலோமீட்டர் முன்னால் புல்வெளி நடுவில் ஈகிள் ராக் என்ற பாறைக்குவியல் இருக்கிறது. அவர்கள் ஊரிலிருந்து அதுவரை எதிரே நடந்து வந்திருந்தார்கள். நான் வந்த பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் கற்குவியல். எட்டு வயதுச் சிறுமி என் கையைப் பிடித்து மறுபக்கம் கூட்டிப்போய்த் திருப்பி நிறுத்தினாள். இறக்கை விரித்த கழுகு, அலகு முதற்கொண்டு. "அங்கிள், தண்ணி வேணுமா?" என்று தன் பாட்டிலை நீட்டினாள். என்னிடம் இன்னும் ஒன்றரை லிட்டர் இருந்தது. இருந்தாலும் வாங்கிக் குடித்தேன்.